உள்ளளவு இருபத்தோரு அடி

எங்கள் வீட்டுக்கு உள்ளளவு பதினேழு அடி. இருபத்தொன்றாக எழுந்து நின்ற வீட்டை நான்கு அடி குறைத்தது யார் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஒரு விரலை என் பக்கம் நீட்டிவிட்டு, வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னால் பாதிக்கதைதான் வரும். முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் ஒரு கோடை அது. கேரள எல்லைக்குள் இருக்கிற எருத்தேன்பதிப் பக்கம், பஞ்சாயத்து ரோட்டை ஒட்டி, எங்களுக்குப் பாகத்தில் வந்த கடலைக்காடு. அதில் ஒரு கிணறு, நாலைந்து பனைமரம், பனையோலை வேய்ந்த ஒரு சாளை. சாளை என்றால் மாட்டுக்கும் மனுசருக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும் மறைப்பாக நிற்கிற குடிசை. கல்யாணமாகி ஐந்து வருசம் அதில்தான் குடித்தனம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மழைக்காற்றுக்கு எங்கள் கூரைமேல் என்ன பிரியமோ, வருசா வருசம் வந்து பிய்த்துக்கொண்டு போகும். ஒழுகாத மூலை பார்த்துத் தொட்டிலை மாற்றி மாற்றிக் கட்டியே என் இடுப்பு ஒடிந்தது. முந்தின வருசத்து மழையில் கொதிக்கிற உலைக்குள்ளேயே கூரைத்தண்ணீர் கருப்பாகக் கொட்டியது. "இன்னொரு மழைக்கு இந்தக் கூரைக்கடியில நான் இருக்க மாட்டேன், பாத்துக்குங்க!" என்று கத்திக் கரண்டியை விட்டெறிந்தேன். அது மாட்டின்மேல் பட்டது. பாவம், அது என்ன செய்தது?

அந்த வருசம் கடலை நன்றாக விளைந்தது. விற்றதை எல்லாம் போட்டு வீடு கட்டுவதென்று முடிவானது. மண்சுவர், பனஞ்சட்டம், மேலே சீமை ஓடு. ஆனால் அந்தச் சமயம் பார்த்து எங்கள் பஞ்சாயத்தில் ஒரு கண்டிப்பு வந்திருந்தது. ரோட்டோரம் வீடு கட்டுகிறவர்கள் பிளான் வரைந்து, மலையாளத்தில் விண்ணப்பம் எழுதி, நிலவரி ரசீதும் வைத்துப் பெர்மிட் வாங்க வேண்டும். ரோட்டோரத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் சுவர் எழும்ப வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குக் காகிதம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும். "நம்ம காட்டுல நாம ஊடு கட்டறதுக்கு ஒரு காயிதமா? என்ற அப்பன் ஆரைக் கேட்டுக் கட்டுனாரு?" என்றார்.

"உங்கப்பன் கட்டுன ஊட்டு மூலையில இடிக்காம இன்னைக்கு வரைக்கும் ஒரு வண்டி திரும்பியிருக்குதுங்களா?" என்றேன். "உடுங்க. இந்தப் பெர்மிட்டு வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க மண்ணை மட்டும் கொழைங்க."

எனக்கு எட்டாவது வரைக்கும் படிப்பு. மலையாளமும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் சங்கடம் வரி ரசீதில் வந்தது. எங்கள் பக்கம் காகிதம் என்றால் அதற்கு இடம் எரவாரம்தான். கூரை தாழ்ந்து இறங்குகிற ஓரத்து ஓலைக்குள் சொருகிவிட்டால் பெரியவர்களுக்குக் கை எட்டும், பிள்ளைகளுக்கு எட்டாது. ரேசன் கார்டு, ஜாதகம், மாட்டுச்சந்தைச் சீட்டு எல்லாம் அங்கேதான். நான் ரசீதை உருவினேன். போன மழையில் ஊறி, மை கரைந்து, நீலமாக ஒரு திட்டு மட்டும் மிச்சம் இருந்தது. வில்லேஜ் ஆபீசுக்கு மூன்று நடை நடந்து நகல் வாங்கினேன். ஒவ்வொரு நடைக்கும் அந்தக் கூரையைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஓடு விற்கிற ராவுத்தர் ஒருவர் கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருந்தார். முத்து முத்தாக மலையாளம் எழுதுவார். அவரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பஸ் ஏறிச் சித்தூர் போய்ப் பிளான் வரைகிறவரைப் பிடித்தேன். மேசைமேல் வெள்ளைத்தாளை விரித்து, "அளவு சொல்லுங்க" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "கெழக்கு மேக்கா இருபத்தோரு அடிங்க."

வாசல் கிழக்கே ரோட்டைப் பார்த்து, பின்பக்கம் மேற்கே கிணற்றைப் பார்த்து. அந்த இருபத்தோரு அடி சும்மா வந்த அளவில்லை. மனையடிக் கணக்குப் பார்த்து எடுத்தது. வீட்டுக்கு இத்தனை அடி என்றால் இன்ன பலன் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். இருபத்தொன்று என்றால் பால் பொங்கும். அவர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தார். ரோட்டோரத்திலிருந்து பத்தடி, அப்புறம் வீடு இருபத்தொன்று, ஆக மொத்தம் முப்பத்தோராவது அடியில் பின்சுவர் முடிகிறது. அதற்கு அப்பால் கிணறு. கச்சிதமாக அடங்கிற்று. அவர் வேறொன்றும் கேட்கவில்லை, நானும் வேறொன்றும் சொல்லவில்லை. பெர்மிட்டும் வந்தது. கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எரவாரத்தில் வைப்பேனா? மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

எங்கள் கொத்தனார் வயசாளி, பேச்சு குறைவு. வீடு என்றால் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில்தான் முதல் கல்லைப் போடுவார். பிளானில் சொன்னபடி ரோட்டிலிருந்து முப்பத்தோரு அடி அளந்து, பின்பக்கத்து மூலையில் முளைக்குச்சி அடித்து மஞ்சள் கட்டினார். அங்கிருந்து ரோட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். கருங்கல்லில் கடைக்கால், அதன்மேல் ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர். நாளுக்கு ஒரு படை என்று அடுக்கடுக்காகச் சுவர் ஏறியது. நாலு சுவரும் ஆள் உயரத்துக்குமேல் எழும்பி, வாசல்நிலையும் வைத்தாகிவிட்டது. கூரை ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் பஞ்சாயத்து ஓவர்சியர் வந்தார். ஒற்றப்பாலம் பக்கத்து ஆள். சட்டைக்காலரில் பின்பக்கமாகக் குடையைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கி, முன்சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே நாடாவை வைத்தார். பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இவிடே ஏழடியே உள்ளூ. பத்தடி வேணும். வீடு முன்னோட்டு வந்நு நிக்குன்னு."

எனக்குத்தான் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்குமே! "வராதுங்க! பிளான்ல இருபத்தொண்ணு, ஊடும் இருபத்தொண்ணு. வேணும்னா அளந்து பாருங்க!" என்று நாடாவின் ஒரு முனையை நானே பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பிடித்தோம். இருபத்தொன்று. நூல் பிசகவில்லை. ரோட்டில் போகிறவர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று அவர்களையும் சாட்சிக்கு இழுத்தேன்.

ஓவர்சியர் பொறுமையாக வெளியே போனார். "இனி புறத்து அளவு" என்றார். வெளிப்பக்கம் முனைக்கு முனை பிடித்தோம். இருபத்துநாலு.

"மூணடி கூடுதல்" என்றார்.

"அதெப்புடிங்க கூடுதல்? அது செவுருங்க! செவுத்துக்குள்ளயா போயி குடியிருப்பாங்க?"

அவர் குடையால் தரையைத் தட்டினார். "சுவரும் பூமியிலல்லே அம்மா நிக்குன்னது? ஆகாசத்திலாணோ?"

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நான் கொத்தனார் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க கொத்தனாரே, எந்தக் கண்ணுல அளந்தீங்க?"

அவர் கரணையைக் கீழே வைத்தார். "அம்மிணி, நீங்க இருபத்தொண்ணுன்னு சொன்னீங்க, நான் இருபத்தொண்ணு எடுத்துட்டனுங்க. ஊட்டளவுன்னா உள்ளளவுதானுங்க. எங்கப்பன் காலத்துலிருந்து செவுத்தை ஆருங்க கணக்குல சேத்துனாங்க?"

அது நிஜம். எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் வீட்டளவென்றால் உள்ளளவு என்றுதான் சொல்லும். மனையடிப் பலன் எல்லாம் உள்ளளவுக்குத்தான். சித்தூர்க்காரரோ சுவரும் சேர்த்த அளவு என்று எடுத்துக்கொண்டு கோடு போட்டுவிட்டார். கன்னிமூலையில் ஆரம்பித்ததால் இரண்டு சுவரின் கனமும் சேர்ந்து ரோட்டுப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

ஓவர்சியர் பிளானைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதினு அளவு கொடுத்தது ஆரா?"

என் வீட்டுக்காரர் பனைமரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தார். நுங்கு எண்ணுகிறவர் மாதிரி அத்தனை கவனமாக.

"நான்தானுங்க" என்றேன்.

ஓவர்சியர் அங்கேயே உட்கார்ந்து நோட்டீசு எழுதினார். வேலையை நிறுத்து, இல்லாவிட்டால் புதுப் பிளான் கொடு. புதுப் பிளானைப் பஞ்சாயத்துக் கமிட்டி அடுத்த மாசம் கூடித்தான் பார்க்கும். மலையாளம் தெரியும் என்று பீற்றிக்கொண்டவள் அல்லவா, ஒவ்வொரு எழுத்தாக நானே வாசித்தேன். அடுத்த மாசம் என்றால், வைகாசி நடுவில் பிடிக்கிற எடவப்பாதி மழை வந்துவிடும். ஓடு போடாத மண்சுவர் நாலு நாள் மழைக்கு நிற்காது. கரைந்து, எந்தக் காட்டிலிருந்து தோண்டினோமோ அந்தக் காட்டுக்கே போய்விடும். ஒரு வருசத்துக் கடலையும் அதோடு போகும். திரும்பவும் அந்தச் சாளை, அந்தத் தொட்டில், அந்த உலைப்பானை. எல்லாம் என் ஒரு வாயால்.

மணல் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்து அழுதேன். வெட்கமே படவில்லை. ஓவர்சியருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குடையை விரித்தார், மடக்கினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அட உடு புள்ளே. நானே சித்தூருக்குப் போயிருந்தாலும் இருபத்தொண்ணுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"நீங்க எங்க போனீங்க? போகவே இல்லையே!" என்று அழுகையோடு சீறினேன். அவர் சிரித்தார். அந்த மனுசன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓவர்சியர் தொண்டையைச் செருமினார். முன்சுவரை மட்டும் இடித்து மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினால் வீடு பிளானுக்குள் அடங்கிவிடும், கமிட்டி எதுவும் வேண்டாம், நோட்டீசைத் தானே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கொத்தனார் அசையவில்லை.

"மூணடி உள்ள போனா உள்ளளவு பதினெட்டாயிருமுங்க" என்றார்.

பதினெட்டு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டினவனையே உயிரோடு வைக்காது என்பார்கள். நம்பிக்கையா என்று என்னைக் கேட்காதீர்கள். நம்புகிறேனோ இல்லையோ, பதினெட்டில் பாய் விரித்துப் படுக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஓவர்சியர் படித்தவர், சர்க்கார் ஆள், இதற்கெல்லாம் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"பதினெட்டோ?" என்றார் மெதுவாக. "அய்யோ, அது வேண்டா. பதினெட்டு வேண்டவே வேண்டா."

எனக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. நாடாவில் ஒரு பக்கம் மீட்டர் வைத்து அளக்கிற மனுசருக்கும் பதினெட்டு ஆகாதாம்! அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எழுந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"மூணடிக்குப் பதிலா நாலடி தள்ளிக்கிட்டா?"

கொத்தனார் விரல்விட்டு எண்ணினார். உள்ளே பதினேழு. சுவரோடு இருபது. ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே பதினோரு அடி. "பதினேழு ராசா அளவுங்க" என்றார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"குறச்சு கெட்டினால் எனக்கு விரோதமில்லா" என்றார் ஓவர்சியர். நோட்டீசின் அடியில் அப்படியே எழுதினார். பணி முடிந்ததும் திரும்ப வந்து அளந்து பார்த்துப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். சைக்கிளில் ஏறப் போனவர் கிணற்றைப் பார்த்து இறங்கிவிட்டார். தரையோடு தரையாக இருந்த கிணறு. "இதினு கைவரி வேணும். அதில்லாதெ ஒப்பில்லா" என்றார். கைவரி என்றால் கைப்பிடிச் சுவர். அது இல்லாமல் கையெழுத்து இல்லை என்கிறார்.

"எங்க மாமனார் காலத்துலிருந்து இப்புடியேதானுங்க எறைக்கறோம். ஒருத்தரும் உழுந்ததில்லீங்க!" என்று ஆரம்பித்தேன். என் மூத்த பெண், நாலு வயசு, ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு கிணற்றோரமாக அப்போது மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். கேலி பண்ணத்தான் முதலில் வந்தார்கள், அது எனக்குத் தெரியும். "ஏம்புள்ளே, எங்கூட்டுக்கும் ஒரு பிளான் போட்டுக் குடேன், சின்னதாப் போயிரும், கூட்டறதுக்குச் சுளுவு" என்றாள் ஒருத்தி. "உன்ற வாயை அளந்தா எந்தப் பிளானுக்கும் அடங்காது, போடி" என்றேன். சிரித்துக்கொண்டே முன்சுவரைத் தள்ளினோம். பக்கச்சுவர்களின் முனையையும் நாலடி வெட்டினோம். இடிந்த மண்ணையே நனைத்து, மாட்டை விட்டு மிதித்துக் குழைத்தோம். என் வீட்டுக்காரர் மாட்டோடு மிதிக்கப் போய் வழுக்கி, தலைமுதல் கால்வரை மண்ணாகி எழுந்து நின்றார். என் சின்னவன் யாரோ என்று பயந்து அலறினான். இரண்டு நாளைக்கு அவரிடம் போகவே மாட்டேன் என்றான்.

பிடுங்கின கடைக்கால் கல்லில் மூன்றிலொரு பங்கு மிச்சம் விழுந்தது. அதைக் கொண்டுபோய்க் கொத்தனார் கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு அடுக்கிக் கட்டினார். வாசல்நிலையைத் திரும்ப வைக்கிற அன்றைக்கு மஞ்சள் பூசி, நவதானியம் கட்டி, தேங்காய் உடைத்தோம். கொத்தனார் நகரவில்லை. "ஒரே ஊட்டுக்கு ரெண்டு தடவை நெலவு வெச்ச கொத்தனாரு இந்தச் சுத்துவட்டாரத்துலயே நான் ஒருத்தன்தானுங்க" என்றார். நிலை வைத்தால் கொத்தனாருக்கு ஒரு வேட்டி உண்டு. புரிந்துகொண்டு இரண்டாவது வேட்டியும் எடுத்துக் கொடுத்தோம். நான் தினமும் அண்டா நிறையக் கம்பங்கூழ் காய்ச்சினேன். கடைசிப் படை ஏறின அன்றைக்கு இனிப்புக்குக் கச்சாயம் சுட்டேன். ஆனாலும் மண்ணில் கைவைத்தபடியே நாளுக்குப் பத்துத் தடவை மேற்கே கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் ஏறிக்கொண்டுதான் வந்தது. காற்றும் திசை மாறிவிட்டது. சுவர் காயக் காயப் பனஞ்சட்டம் ஏறியது. ராவுத்தர் ஓட்டு வண்டியைச் சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார். நல்ல மனுசர்.

உச்சி ஓடு போட்டுச் சாந்து பூசின அன்றைக்கு மத்தியானம், ஓவர்சியரின் சைக்கிள் மணி கேட்டது. வானம் அப்படியே கறுத்துக் கிடந்தது. அவர் வேகமாக நாடாவைப் பிடித்தார். ரோட்டிலிருந்து பதினோரு அடி. வெளியளவு இருபது. உள்ளளவை அவர் கேட்கவில்லை. நானே கூட்டிக்கொண்டு போய் அளந்து காட்டினேன். பின்பக்கம் போய்க் கைப்பிடிச் சுவரைக் குடைக்கம்பால் தட்டிப் பார்த்தார். என் பெண் அதன்மேல் ஆட்டுக்குட்டியை நிற்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் வீட்டுக்குள் ஓடினோம்.

பால் காய்ச்சக்கூட இல்லை. சாமான் ஒன்றும் இல்லாத வெறும் வீடு. எழுத மேசை இல்லை என்றார் ஓவர்சியர். கூழ் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டேன். நடுவீட்டில், சரியாக நடுவீட்டில், அதன்மேல் பெர்மிட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். ஓட்டின்மேல் மழை போட்ட இரைச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு வரியாக நிதானமாக எழுதுகிறார், நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதோ விழப்போகிறது, இந்த எழுத்தின்மேல்தான் விழப்போகிறது என்று ஐந்து வருசத்துப் பழக்கம் என் தோள்பட்டையைக் குறுக்கிக்கொண்டே இருந்தது. ஒன்றும் விழவில்லை. தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், ஊதி மையைக் காயவைத்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"எந்தா அம்மா, பின்னேயும் கரையுன்னோ?" என்று கத்திக் கேட்டார். மறுபடியும் அழுகையா என்கிறார்.

"அது ஒண்ணுமில்லீங்க, மழை வந்தா அவளுக்கு அப்புடித்தானுங்க" என்று என் வீட்டுக்காரரும் பதிலுக்குக் கத்தினார்.

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது? யோசிக்கவே இல்லை, நேராகச் சுவரோரம் போய்க் கையை மேலே தூக்கினேன், எரவாரத்தில் சொருக. விரலில் ஓலை தட்டுப்படவில்லை. எட்டாத உயரத்தில் செக்கச்செவேலென்று ஓடுதான் இருந்தது. தூக்கின கையோடு அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கொத்தனாரும் பார்த்துவிட்டார். நான்தான் முதலில் சிரித்தேன்.